திரையில் இருப்பதை முதலில் வாசியுங்கள்: லினக்ஸ் கேள்வி – பதில்

பகலில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிப்பதும், மாலையில் மதுரையில் ஒரு மாடியறையில் புதியவர்களுக்கு லினக்ஸ் நிர்வாகம் சொல்லிக்கொடுப்பதும் என் பிழைப்பு என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கற்றுக்கொள்வது பற்றியும் கற்றுக்கொடுப்பது பற்றியும்தான். எனவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பிரின்டர் பிரச்சினைக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக இருக்கிறேன். அடுத்த பருவத்தில் லினக்ஸ் சர்வர் நிர்வாகப் பாடத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆய்வக ஏட்டில் கட்டளைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள்; கணினி முன்னால் உட்கார்ந்தால் விழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– விரிவுரையாளர், திண்டுக்கல்

ஏட்டைத் தேர்வுக்கு முந்தைய வாரம் திறந்துகொள்ளலாம் ஐயா. அதுவரை மூடி வையுங்கள்.

நம் ஊர்ப் பயிற்சிகளில் நான் காணும் குறை இது: அவை நிறுவுவதில் தொடங்கி நிறுவுவதிலேயே முடிந்துவிடுகின்றன. அப்பாச்சியை நிறுவு, மைஎஸ்க்யூஎல்லை நிறுவு, திரையைப் படம் பிடித்து ஏட்டில் ஒட்டு, கையெழுத்து வாங்கு. ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். யாரோ, எப்போதோ, எதற்காகவோ மாற்றிவைத்துவிட்டுப் போன சர்வர் ஒன்று காலை பத்து மணிக்கு ஓடாமல் நிற்கும். அதை ஓடவைக்கத்தான் சம்பளம். எனவே பழுதான கணினியைக் கொடுத்துத் தொடங்குங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் மெய்நிகர் கணினியை (கணினிக்குள் ஓடும் கணினி) உருவாக்கி, நல்ல நிலையில் அதன் ஸ்நாப்ஷாட்டை (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து வைத்துவிட்டால் போதும். மாணவர் என்ன செய்து கெடுத்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். பயம் போனால்தான் விரல் நகரும்.

என் வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பிழைச்செய்தி வந்தால் உடனே "மேடம்!" என்று கூப்பிடக் கூடாது. அந்த வரியை முழுவதுமாக வாய்விட்டு வாசிக்க வேண்டும், பிறகு கூப்பிடலாம். வாசித்து முடித்தவர்களில் பாதிப் பேர் கூப்பிடுவதில்லை.

ஒரு பயிற்சியை விரிவாகச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் கணினியில் 2 ஜிபி அளவில் தனியாக ஒரு பகிர்வு (வட்டின் தனிப் பகுதி, பார்ட்டிஷன்) அமைத்து, லாக் கோப்புகள் (நிரல்கள் எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்புகள்) சேரும் இடமாக அதை ஏற்றிவைப்பேன். சிறிய நிரல் ஒன்று அங்கே ஒரே கோப்பில் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். மாணவர் உள்ளே நுழைந்து ஏதாவது செய்யப் போனால், 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வரும். வட்டில் இடமில்லை. 'டிஎஃப்' கட்டளை கொடுத்தால் அந்தப் பகிர்வு 100% நிரம்பியிருப்பதைக் காட்டும். 'டியூ' கொடுத்துத் தேடினால் பெரிய கோப்பு அகப்பட்டுவிடும். சந்தோஷமாக 'ஆர்எம்' போட்டு அழித்துவிடுவார்கள். மறுபடி 'டிஎஃப்' பார்ப்பார்கள். அதே 100%.

இந்த இடத்துக்காகத்தான் நான் காத்திருப்பேன். கோப்பு பட்டியலில் இல்லை. 'டியூ' சில எம்பிதான் என்கிறது, 'டிஎஃப்' நிரம்பிவிட்டது என்கிறது. ஒருவர் கணினியையே அணைத்துப் போடப் போவார். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களிடம் "இரண்டில் எது பொய் சொல்கிறது?" என்று கேளுங்கள். இரண்டுமே பொய் சொல்லவில்லை. லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. 'ஆர்எம்' பெயரை மட்டும்தான் நீக்குகிறது. அந்தக் கோப்பைத் திறந்துவைத்திருக்கும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளடக்கம் வட்டில் அப்படியே இருக்கும். 'டியூ' பெயர்களைப் பின்தொடர்ந்து கூட்டுகிறது. 'டிஎஃப்' கோப்பு முறைமையிடமே நேராகக் கேட்கிறது. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையைக் கொண்டு, பெயர் நீக்கப்பட்ட பின்னும் திறந்திருக்கும் கோப்பைக் கண்டுபிடித்து, அதைத் திறந்துவைத்திருக்கும் சேவையை (பின்னணியில் ஓடும் நிரல்) மறுதொடக்கம் செய்தால் இடம் சட்டென்று விடுபடும்.

அதன்பின் லாக் கோப்பை அழிக்காமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யும் முறையையும், பழைய லாக்குகளைத் தானாகச் சுழற்றி அகற்றும் 'லாக்ரொட்டேட்' எதற்காக இருக்கிறது என்பதையும் சொன்னால் ஒருமுறையிலேயே பதிந்துவிடும். முதலிலேயே சொல்லியிருந்தால் ஏட்டில் இன்னொரு வரி ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

தேறியவர்களுக்கு அடுத்த கணினி: அங்கேயும் 'இடமில்லை' என்றே வரும், ஆனால் 'டிஎஃப்' பாதி காலி என்று காட்டும். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்து ஐநோடுகள் (கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய பதிவிடங்கள்) தீர்ந்துபோயிருக்கும். 'டிஎஃப்' கட்டளையோடு 'ஐ' சேர்த்துப் பார்க்கும் எண்ணம் தானாக வருகிறதா என்று கவனியுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பகிர்வை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு எழுத்தை மாற்றிவைத்து, கணினி அவசர நிலையில் வந்து நிற்கும்படி செய்யுங்கள் (டெபியன் லினக்ஸை நிறுவும்போது, எல்லா உரிமையும் கொண்ட நிர்வாகிக் கணக்கான ரூட்டின் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் ரூட் கணக்கு பூட்டப்பட்டுவிடும், அவசர நிலையில் உள்ளே நுழைய முடியாது, இந்தப் பாடத்துக்கு மட்டும் பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள்). தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியைத் தவறாக்குங்கள். ஒரு சேவையின் அமைப்புக் கோப்பில் ஓர் அரைப்புள்ளியை எடுத்துவிடுங்கள். மதிப்பெண்ணைச் சரிசெய்ததற்கு மட்டும் கொடுக்காதீர்கள். என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், என்ன செய்தேன், என்ன ஆனது என்று மாணவர் எழுதும் அரைப்பக்கக் குறிப்புக்குப் பாதி மதிப்பெண் வைத்துப் பாருங்கள். பார்த்து எழுதுகிறவர்கள் அங்கே அகப்பட்டுக்கொள்வார்கள், ஏனென்றால் எந்த இரண்டு பேரும் ஒரே வழியில் தப்பு செய்வதில்லை.

தமிழ்வழியில் பி.காம். படித்தவள். லினக்ஸ் படிக்க ஆசை. ஆனால் எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் வராதவர்கள் இந்த வேலைக்கு வர முடியுமா?
– வாசகி, தேனி

முடியும் அம்மா. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரை) வருகிற ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் இல்லை. அடிக்கடி வரும் பிழைச்செய்திகள் ஒரு தாளுக்குள் அடங்கிவிடும். 'பெர்மிஷன் டினைடு' என்றால் உரிமை இல்லை. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் நீங்கள் சொன்ன இடத்தில் அந்தக் கோப்பு இல்லை. எழுத்துப்பிழையா, வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் அந்தக் கட்டளை நிறுவப்படவில்லை அல்லது தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களே குழப்பிக்கொள்ளும் ஓரிடம் உண்டு. இன்னொரு சர்வரோடு இணையும்போது 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வருவதற்கும், வெகுநேரம் காத்திருந்து 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று வருவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பெரும்பாலும் நீங்கள் கேட்ட போர்ட்டில் (சேவை காத்திருக்கும் வாசல் எண்) எந்தச் சேவையும் ஓடவில்லை என்று அர்த்தம். அங்கே போய்ச் சேவை நின்றுவிட்டதா என்று பாருங்கள். இரண்டாவதில் பதிலே வரவில்லை. வழியில் ஃபயர்வால் விழுங்கிவிட்டது, அல்லது முகவரி தவறு, அல்லது அந்தக் கணினியே அணைந்து கிடக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டவர் நேர்காணலில் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசினாலும் நான் எடுத்துக்கொள்வேன்.

தமிழில் படிக்க, கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி 2012இலிருந்து எழுதிவருகிறது. விழுப்புரம் பக்கம் உறவினர் இருந்தால் அங்குள்ள குனு/லினக்ஸ் பயனர் குழுவைக் கேட்டுப் பாருங்கள். கிராமப்புற மாணவர்களோடு வேலை செய்பவர்கள். பி.காம். படிப்பும் வீணில்லை. கணக்கு எழுதிப் பழகியவர்கள் செய்ததை எழுதிவைப்பார்கள். பொறியியல் படித்தவர்களிடம் அந்தப் பழக்கத்தை உண்டாக்க நான் தொண்டை வற்றக் கத்துகிறேன்.

எந்த லினக்ஸில் தொடங்குவது? நண்பன் காளி லினக்ஸ் என்கிறான்.
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

காளி ஊடுருவல் சோதனைக்காரர்களின் கருவிப்பெட்டி தம்பி. பூட்டு மாட்டத் தெரிந்தபின் பூட்டை உடைத்துப் பார்க்கலாம்.

டெபியன் அல்லது உபுண்டு ஒன்று, ராக்கி அல்லது அல்மா ஒன்று. இந்த இரண்டு குடும்பங்கள் தெரிந்தால் நம் ஊர் வேலைகளுக்குப் போதும். முன்பெல்லாம், ரெட்ஹேட் நிறுவன லினக்ஸின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பியிருந்தவர்களிடம், அது 2021 கடைசியோடு முடிகிறது என்று 2020 டிசம்பரில் ரெட்ஹேட் அறிவித்தது. அதன் விளைவாகப் பிறந்தவைதான் ராக்கியும் அல்மாவும். ஒரே பெயரைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இணையதளம் திறக்கவில்லை என்றால் கோப்புகளுக்கு 777 உரிமை கொடுத்துவிடுகிறேன். உடனே சரியாகிவிடுகிறது. அலுவலகத்தில் மூத்தவர் கண்டபடி திட்டுகிறார். வேலை நடந்தால் சரிதானே?
– வாசகர், ஓசூர்

உங்கள் மூத்தவர் பக்கம்தான் நான்.

படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். 777 கொடுத்தால் அந்தச் சர்வரில் உள்ள எந்தக் கணக்கும், எந்த நிரலும் உங்கள் இணையதளத்தின் கோப்பைத் திருத்தலாம். நாளைக்கு ஒரு ஓட்டையான பிளகின் வழியாக யாராவது நுழைந்தால், முகப்புப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் ஏறுவதற்கு வேறு தடை எதுவும் இருக்காது.

அதைவிட எனக்கு வருத்தம், 777 உங்களை யோசிக்கவிடாமல் செய்துவிடுவதுதான். அங்கே பிரச்சினை என்னவாக இருந்தது? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கோப்பின் உரிமையாளர் நீங்கள், வெப் சர்வரோ டெபியன் குடும்பத்தில் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா' என்ற கணக்கில் ஓடுகிறது. அதற்குப் படிக்கும் உரிமை இல்லை. அல்லது கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, அதற்கு மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் நுழையும் உரிமை இல்லை. ஃபோல்டருக்கு 'இயக்க' உரிமை என்பதே நுழையும் உரிமைதான். மூல ஃபோல்டரிலிருந்து கோப்புவரை ஒவ்வொரு படியின் உரிமையையும் வரிசையாகக் காட்ட 'நேம்ஐ' என்ற சின்னக் கட்டளை இருக்கிறது. அதோடு 'எல்' சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், எந்தப் படியில் கதவு சாத்தியிருக்கிறது என்பது கண்ணில் படும். பொதுவாகக் கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 போதும்.

அவசரத்தில் மொத்தக் கணினிக்கும் 777 கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதன்பின், சாதாரணக் கணக்கிலிருந்து ரூட்டாகக் கட்டளை ஓட்ட உதவும் 'சுடோ' ஓடாது, ஏனென்றால் அது ரூட்டாக மாறத் தேவையான சிறப்பு உரிமை அந்த ஒரே கட்டளையில் அழிந்துபோகிறது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் தன் அந்தரங்கச் சாவிகளை எல்லோரும் படிக்கலாம் என்று கண்டால் அவற்றைத் தொட மறுத்துவிடும். வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. இதை ஒருமுறை மெய்நிகர் கணினியில் வேண்டுமென்றே செய்து பாருங்கள். அலுவலகத்தில் செய்யும் ஆசை போய்விடும்.

பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒரு பையனைச் சேர்த்திருக்கிறேன். நல்ல பையன். ரூட் பாஸ்வேர்டை எப்போது அவனிடம் கொடுக்கலாம்?
– வாசகர், திருப்பூர்

கொடுக்கவே வேண்டாம். அவன் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அவன் பெயரில் தனிக் கணக்கு, அதற்குத் தேவையான அளவு சுடோ உரிமை. யார், எப்போது, எந்தக் கட்டளையை ரூட்டாக ஓட்டினார்கள் என்பது லாக்கில் பதிவாகும். நான்கு பேர் ஒரே ரூட் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொண்டால், தவறு நடந்த அன்று நால்வரும் "நான் இல்லை" என்பார்கள். நால்வரையும் நம்ப வேண்டியதுதான்.

ரூட் உரிமையைவிட முக்கியமான கேள்வி ஒன்றை நீங்கள் கேட்கவில்லை: பேக்கப்பிலிருந்து மீட்கத் தெரியுமா? கிட்லாப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு என்ன நடந்தது என்பதை அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள். துணைத் தரவுத்தள சர்வரில் காலி செய்ய வேண்டிய ஃபோல்டரை, களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். இரண்டொரு விநாடிகளில் நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் பல வகையில் வைத்திருந்தார்கள். தேடிப் போனால், தினமும் எடுக்கப்படுவதாக நினைத்த பேக்கப், மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ எடுத்துவைத்த ஸ்நாப்ஷாட்தான் காப்பாற்றியது. அவர்கள் தேர்ந்தவர்கள், நீங்கள் சேர்த்திருப்பது புதிய பையன்.

அதனால் அவனுக்கு முதல் மாத வேலையாக இதைக் கொடுங்கள்: உங்கள் நிறுவனத்தின் பில்லிங் தரவுத்தளத்தை நேற்றைய பேக்கப்பிலிருந்து வேறொரு கணினியில் முழுவதுமாக மீட்டு, கடைசி பில் எண்ணை உங்களிடம் காட்ட வேண்டும். அதைச் செய்வதற்குள் பகிர்வு, உரிமை, சேவை, நெட்வொர்க் என்று பாதிப் பாடம் தானாக வந்துவிடும். மாதாமாதம் செய்யச் சொல்லுங்கள். நிஜ வேலை ஓடும் சர்வரின் டெர்மினலில் கட்டளை வரி சிவப்பு நிறத்தில் தெரியும்படி மாற்றிவைக்கச் சொல்லுங்கள். இரவு பதினோரு மணிக்கு எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும்.

ஆர்எச்சிஎஸ்ஏ, எல்பிஐசி இரண்டில் எந்தச் சான்றிதழ் நல்லது?
– வாசகர், சேலம்

ஆர்எச்சிஎஸ்ஏ ரெட்ஹேட் நடத்துவது. மூன்று மணி நேரம், கேள்வித்தாளில் டிக் அடிக்கும் வேலையே கிடையாது. கணினியைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். இணையம் இருக்காது, கணினியிலேயே உள்ள 'மேன்' பக்கங்கள் (கட்டளைகளுக்கான கையேடு) இருக்கும். நீங்கள் செய்த அமைப்புகள் கணினியை மறுதொடக்கம் செய்தபின்னும் நிலைத்திருக்க வேண்டும். நன்றாகப் படித்தவர்கள் தோற்பது அங்கேதான்: சேவையை ஓடவைப்பார்கள், கணினி எழும்போது தானாகத் தொடங்கும்படி செய்ய மறந்துவிடுவார்கள். எல்பிஐசியின் முதல் நிலை இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், 60 கேள்விகள். எந்த நிறுவனத்தின் லினக்ஸையும் சாராதது. ஆனால் எழுத்துத் தேர்வு.

காசு கட்டப் போவது ஒன்றுக்குத்தான் என்றால் நான் முதலாவதைச் சொல்வேன். காசே இல்லை என்றால், அதன் பாடப்பட்டியலை ரெட்ஹேட் இலவசமாகத்தான் வெளியிட்டிருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, அல்மாவில் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் சான்றிதழைக் கேட்பதில்லை. மடிக்கணினியைத் திருப்பி வைத்து, ஓடாத சேவை ஒன்றைக் காட்டுவேன்.

செயற்கை நுண்ணறிவு சொல்லும் கட்டளைகளை அப்படியே ஒட்டி ஓட்டலாமா?
– வாசகர், புதுச்சேரி

ஸ்நாப்ஷாட் எடுத்த கணினியில் தாராளமாக. மற்ற இடங்களில், அந்த வரியில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் என்ன செய்கிறது என்று 'மேன்' பக்கத்தில் பார்த்தபின். அதைப் பார்க்க ஆகும் நேரம்தான் நீங்கள் படிக்கும் நேரம்.

வீட்டில் அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினி இருக்கிறது. விண்டோஸ் தவழ்கிறது. அதில் சர்வர் பயிற்சி எடுக்க முடியுமா, புதிது வாங்க வேண்டுமா?
– பிளஸ் டூ மாணவி, அறந்தாங்கி

வாங்க வேண்டாம். அந்த வரிசை மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. தொடங்கும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. உங்கள் வீட்டில் இன்னும் இருந்தாலும் இப்போது பழசாகியிருக்கும், எனவே புதிதாக டெபியன் போடுங்கள். அக்காவின் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் முதலில் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

நிறுவும்போது எந்த மென்பொருள்கள் வேண்டும் என்று கேட்கும் திரையில், டெஸ்க்டாப் எதையும் தேர்வு செய்யாதீர்கள். எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் டிக் செய்யுங்கள். வரைகலை இல்லாத டெபியனுக்கு 1 ஜிபி ரேமே தாராளம். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரிலேயே ஓடட்டும். மூடியை மூடினால் தூங்கிவிடாமல் இருக்க, 'லாகின்ட்' அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்ற வரியின் முன்னால் '#' குறி இருந்தால் நீக்கிவிட்டு, அதன் மதிப்பை 'இக்னோர்' என்று மாற்றுங்கள். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு, வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ எஸ்எஸ்எச் வழியாக மட்டுமே அதற்குள் நுழையுங்கள். முதல் வேலை, வீட்டு வைஃபைக்குள் திறக்கும்படி ஒரு வெப் பக்கம். திறக்கவில்லை என்றால், உடனே மறுத்ததா, பதிலே இல்லாமல் காத்திருக்க வைத்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் பதில் தருகிறேன்.